சிவப்புப் பந்தும் ரஷ்ய மீன் டப்பாவும்

சந்திரனுக்கு முதலில் போவது ரஷ்யாவா அமெரிக்காவா என்று முடிவு செய்யும் அதிகாரம் உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது. அவர் வாஷிங்டனிலும் இல்லை, மாஸ்கோவிலும் இல்லை. அமெரிக்கா ராக்கெட் விடும் இடத்தை ஒட்டிய கனாவரல் துறைமுகத்தில் பொத்தான் போன சட்டையோடு இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பெயர் அர்லிஸ் பக்னர். அவர் நினைத்தால் ராக்கெட் நிற்கும். நின்றும் இருக்கிறது.

நினைத்துத்தான் நிறுத்தினாரா என்று கேட்கக்கூடாது.

ராக்கெட் விடுகிற நாளில் கரையில் உள்ள கம்பத்தில் பெரிய சிவப்புப் பந்தை ஏற்றுவார்கள். ஏற்றினால் எதிர்க்கடலில் படகே இருக்கக்கூடாது. வெடித்தால் துண்டெல்லாம் அங்கேதான் விழும். ஆனால் அந்த வருடம் பந்து ஏறும், எங்கேயாவது குழாய் ஒழுகும், ராக்கெட் போகாது, பந்து இறங்கும். இதையே பார்த்துப் பார்த்து இறால்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: பந்து ஏறினால் அன்றைக்கு ராக்கெட் கிடையாது, தைரியமாக வலை போடலாம். அர்லிஸ் பைபிளுக்கு அடுத்தபடி இதைத்தான் நம்பினார்.

அப்படி நம்பிப் போன ஒரு காலையில்தான் அவருடைய வலை ரஷ்யப் படகின் வலையில் சிக்கிக்கொண்டது. மீன்பிடிப் படகு என்று பெயர். மேலே முழுக்க ஆன்டெனா. நம் ராக்கெட்டை வேவு பார்க்க வந்து நிற்கிறது என்பது துறைமுகத்து நாய்க்கும் தெரியும். அர்லிஸின் படகு எதிர்க்கடலில் மாட்டிக்கிடந்ததால் கரையில் கவுண்ட்டவுனை நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கி கத்தியது.

குறுக்கே வந்தவன்தான் தன் வலையை அறுக்கவேண்டும், அது கடலில் உள்ளவர்களின் வழக்கம். குறுக்கே போனது அர்லிஸ். வலை போனால் அந்தப் பருவமே போச்சு. கத்தியை எடுத்து வலைக்கயிற்றில் வைத்தார். எதிர்ப்படகில், முன்பல் இல்லாத ஒரு கிழவர் "வேண்டாம்" என்று கையை ஆட்டினார். ஆட்டிவிட்டுத் தன் வலையை அறுத்துவிட்டார். அதோடு நிற்காமல் ஒரு டப்பாவையும் தூக்கிப் போட்டார். தக்காளிச் சாற்றில் ஊறிய குட்டி மீன்கள், லேசான புகை வாசம், உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

அர்லிஸ் பதிலுக்கு ஒரு கூடை இறாலை எறிந்தார். பாதி கடலில் விழுந்தது.

கரையில் கிண்டல் தாங்கவில்லை.

"என்னப்பா அர்லிஸ், மாஸ்கோவுலேர்ந்து சம்பளம் வந்துடுச்சா?"

"அடுத்த ராக்கெட்ல உன்னையே ஏத்தி அனுப்பப் போறாங்களாம்!"

பாதுகாப்பு அதிகாரி கிராண்டம் சிரிக்கவில்லை. "ராக்கெட்டை நிறுத்தினதுக்கு அபராதம் கட்டிடு. அதோட விட்டுடறேன். ஆனா அவங்ககிட்ட ஏதாவது வாங்கியிருந்தே, துறைமுக அனுமதியே ரத்து. நாளைக்குப் படகைச் சோதனை போடுவோம்."

அனுமதி போனால் படகை விற்கவேண்டியதுதான். அர்லிஸுக்கு வேறு தொழில் தெரியாது. நீச்சல்கூடத் தெரியாது.

"அந்தச் சனியனைக் கடல்ல தூக்கிப் போடு அர்லிஸ்," என்று அவர் மனைவி ஓடெல்லா அழுதாள்.

"முடியாது ஓடெல்லா. எனக்காக வலையை அறுத்தவன் கொடுத்தது. அதைத் தூக்கிப் போட்டா நான் என்ன மனுஷன்?"

டப்பாவைப் பிரிக்கவும் இல்லை. துணியில் சுற்றி இன்ஜின் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் கிராண்டமின் ஆட்கள் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தார்கள். அர்லிஸ் வெளிறிப்போய்க் கரையில் நின்றார். இன்ஜின் பெட்டிக்கு அடியில் ஒரு எண்ணெய்த் துணிதான் இருந்தது. அனுமதி தப்பியது. ஓடெல்லாதான் எறிந்திருப்பாள் என்று அவர் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவர்தான் எறிந்தார் என்று நினைத்து அவள் சந்தோஷத்தில் ஆப்பிள் பை சுட்டுப் போட்டாள். டப்பா எங்கே போனதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

இதுவரை நான் எழுதியதை, சின்ன வயதில் நான் ஏறி இறங்கித் திரிந்த அதே படகிலேயே வைத்து அவருக்குப் படித்துக் காட்டியாயிற்று. அர்லிஸ் வலை தைப்பதை நிறுத்தவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கே, எலிக்குஞ்சே. ஒரே ஒரு சந்தேகம்."

"என்ன மாமா?"

"அந்த டப்பாவை நான் பிரிக்கவே இல்லையே. உப்பு தூக்கல்னு உனக்கு எப்படித் தெரியும்?"