குங்குமம் வைத்த டீசல் பெட்டியில் ஒரு சனிக்கிழமை

ஊரில் இந்திய இராணுவம் வந்திறங்கிய மறு வருடம். நாங்கள் இருந்த அகதி முகாமில் கொதிநீர்க் குழாய் வெடித்து, பத்து நாள் பச்சைத்தண்ணீரில் குளித்ததும் அந்த வருடம்தான். அப்போதுதான் இந்த நாட்டில் எனக்கு முதல் வேலை கிடைத்தது: ஒரு சின்ன ரயில்பாதையின் கொட்டகையில் பெட்டி கழுவுவது. எழுத வாசிக்கத் தெரியாத எனக்கு ஆண்டுக் கணக்குச் சரிவராது. நடந்ததை வைத்துத்தான் நாளைப் பிடிப்பேன். நான் சொல்ல மகள் கலா எழுதுகிறாள்.

அந்தப் பாதையை இப்போது ரயில் ஆர்வலர்கள் நடத்துகிறார்கள். வருடத்தில் ஒரு சனி ஞாயிறு பழைய டீசல் பெட்டிகளை வெளியே எடுத்து ஓட்டுவார்கள். இழுக்க எஞ்சின் தேவையில்லாத ஒற்றைப் பெட்டிகள். எஞ்சின் வயிற்றுக்குள் இருக்கும். சென்ற செப்டெம்பரில், நான் முன்பு கழுவிய பச்சையும் பால்நிறமுமான பெட்டியும் ஓடுகிறது என்று கலா இணையத்தில் பார்த்துச் சொன்னாள். போனோம்.

வில் நகர நிலையத்தில் காலை 7.52 ரயில். ஒரு இடத்தில் மாறவேண்டும். மொத்தம் ஒரு மணி இருபது நிமிடம், பிறகு முந்நூறு மீற்றர் நடை. நாள் முழுக்க ஏறி இறங்கும் சீட்டு 34 பிராங்க். அரைக்கட்டண அட்டை செல்லாது. பாதை ஒன்பது கிலோமீற்றர், ஒரு பக்கம் 28 நிமிடம். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்று பின்னால் தெரியும். கேட்பவர்களுக்குக் கலா சொல்லுவாள்.

9.40க்கு முதல் ஓட்டம். எஞ்சினுக்கு மேலேயுள்ள மர இருக்கையில் இருந்தேன். கால் அதிர்ந்தது. முன்பும் அப்படித்தான் அதிரும். இரண்டாவது கியர் விழும்போது முதுகில் ஒரு தள்ளு, அதுவும் மாறவில்லை. பெட்டியை முன்பே தெரியுமோ என்று ஓட்டுநர் கேட்டார். "மேல்பக்கம் உங்களுக்குத் தெரியும். அடிப்பக்கம் பற்றி என்னைக் கேளுங்கள்" என்றேன். என் ஜெர்மன் அவருக்கு விளங்கியது, சிரித்தார்.

மத்தியானம் கொட்டகைக்குப் போனோம். அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் அதன் கதையை எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் பெட்டியின் பலகைக்கு முன்னால் சனம் நின்று சிரித்தது. கலா வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, இதிலை தவராசா எண்டு ஒரு பேர் கிடக்கு. பெட்டிக்குச் சிவப்புப் பூசி ஒரு நாள் ஓட்டத்தையே நிப்பாட்டின தமிழனாம். உங்களோடை வேலை செய்தவரோ?"

"ஓம். ஆனா பூசினது அவனில்லை. நான்."

நடந்தது இதுதான். ஆயுத பூசையன்று, தொழில் செய்யும் பொருளுக்குப் பொட்டு வைக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. பெட்டியின் வாய் அதுதானே என்று டீசல் ஊற்றும் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். இரவு மழை. காலையில் மூடியிலிருந்து சிவப்பாக ஒழுகி, பால்நிறப் பக்கமெல்லாம் இறங்கியிருந்தது. இந்த நாட்டில் வீடு சூடாக்கும் எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போடுவார்கள். வரி குறைந்த எண்ணெய். அதை வண்டிக்கு ஊற்றினால் குற்றம். எங்கள் மேலாள் வால்டர், ஜெர்மனில் மேலாளை ஷெஃப் என்போம், கள்ள எண்ணெய் என்றே நினைத்தார். தாங்கியை வடித்தார்கள். ஒரு நாள் ஓட்டம் நின்றது. எண்ணெய் சுத்தம் என்று தெரிந்த பிறகு ஷெஃப்புக்குக் கோபம் இரட்டிப்பானது. யார் செய்தது என்று கேட்டார்.

தவராசா என் பக்கத்தில் நின்றான். என்னைவிட ஆறு வயது இளையவன். "அண்ணை, வாயைத் திறக்காதேங்கோ. நீங்கள் ஊரிலையிருந்து அக்காவையும் பிள்ளையையும் கூப்பிடவேணும். நான் தனிக்கட்டை" என்று தமிழில் சொல்லிவிட்டு, கையை உயர்த்தினான். அன்றே வேலை போனது. பிரெஞ்சு பேசும் ரெனான் பக்கம் போய் ஒரு சமையலறையில் கோப்பை கழுவினான். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பிள்ளை கலாதான்.

அவள் பலகையிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு காலமும் ஒரு சொல் சொல்லேல்லை, என்ன?" என்றாள். பிறகு பலகைகளுக்குப் பொறுப்பான ரூத் என்ற பெண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஷெஃப் போன மாரியில் முதியோர் இல்லத்தில் இறந்துவிட்டார் என்று ரூத் சொன்னார். இந்தக் கதையைப் பலகைக்குச் சொன்னதே அவர்தானாம்.

"நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் ஒருவர் சொன்னதை வைத்து இன்னொருவர் சொன்னதை மாற்ற எங்கள் குழு விடாது. அன்று அங்கே நின்ற இன்னொருவரும் சொல்லவேண்டும்" என்று ஒரு படிவம் தந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: முதல் ஓட்டத்திலேயே ஏறுங்கள், பதினொன்றுக்குப் பிறகு நிற்கவும் இடமில்லை. எஞ்சின் சத்தம் வேண்டுமென்றால் நடு இருக்கை, காட்சி வேண்டுமென்றால் ஓட்டுநருக்குப் பின்னால். படி உயரம்; முழங்கால் நோவுள்ளவர்கள் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடிக்கவும். சாப்பாட்டுக் கடையில் பாணோடு சொசேஜ் என்ற இறைச்சிக் குழல் 8 பிராங்க், வேறொன்றும் இல்லை. சைவக்காரர் கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் இடியப்பமும் சம்பலும் கொண்டுபோனோம். கடைசி ஓட்டம் 16.20. பலகைகளை ஆறுதலாக வாசியுங்கள். பச்சைப் பெட்டியின் பலகையை மட்டும் இப்போதைக்கு நம்பாதீர்கள். அது திருத்தப்பட்ட பிறகு நிலையத்தின் பெயரை எழுதச் சொல்வேன்.

திரும்பும் ரயிலில் கலா படிவத்தை மடியில் விரித்தாள். "சாட்சியின்ரை பேர் கேக்கினம். ஆர் இருக்கினம், அப்பா?"

விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். ஷெஃப் இல்லை. அந்தக் காலத்து ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் அவருக்கு முன்னமே போய்விட்டார். எங்களோடு கழுவிய மன்னார்ப் பிலிப்பு இரண்டு வருடத்துக்கு முன் இறந்தான். அந்தச் செத்தவீட்டில் மற்றப் பக்கத்தில் ஒருவன் நின்றான். தலை முழுக்க நரை. என்னைக் கண்டு தலையாட்டினான். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தான் செய்யேல்லை எண்டு அவர் இப்ப சொல்லுவாரோ?"

"தெரியாது. நான்தான் போய்க் கேக்கவேணும். எழுது, பிள்ளை. தவராசா. ரெனான்."