அடையாளம் எதுவும் இல்லை

ஜெராக்ஸ் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். "ஒரு காப்பியா, ரெண்டா?" என்று அவள் கேட்கும்போது யாராவது யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தால் தொலைந்தார். அவள் மெஷின் மூடியைச் சாத்துகிற சத்தத்தில் பக்கத்து முத்திரைத்தாள் கடைக்காரர் பேனாவைக் கீழே போட்டுவிடுவார். ஆனாலும் அந்தத் தெருவில் கூட்டம் அவள் கடையில்தான். வாய்தான் அப்படி, காப்பி தெளிவாக இருக்கும் என்பார்கள்.

கடை இருப்பது காவல்துறைத் தலைமை அலுவலகத்துக்கு நேர் எதிரே. வியாபாரக் கணக்குப் போட்டு அவள் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. தங்கை காணாமல் போன விஷயமாக அந்த வாசலுக்கு நடையாக நடந்தவள். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்பார். ஒரு நாள் எரிச்சலில், "இதுக்கு நானே ஒரு மெஷின் வாங்கி உங்க வாசல்லயே போட்டுடறேன்" என்று கத்தினாள். சொன்னபடி செய்தும் விட்டாள்.

அந்தத் தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். பதினாறு வயதில் டியூஷனுக்குப் போனாள், திரும்பவில்லை. பெரியவள் அப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கி கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு போன வருஷங்கள் இருபத்திரண்டு. அப்பா போய்ச் சேர்ந்தார். பெரியவளுக்குத் தலை நரைத்தது. கேஸ் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். பழைய குருடி கதவைத் திறடி என்று ஆரம்பத்திலிருந்து தொடங்குவார். தங்கச்சி பேரு என்ன, என்ன உயரம், யாரோடயாவது பழக்கம் உண்டா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் எல்லா இன்ஸ்பெக்டர்களுக்கும் குரல் ஒரே மாதிரி தாழும். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பதில் சொல்லி முடித்துக் கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றல் வரும்.

போட்டோ கதை இன்னும் மோசம். சின்னவளுக்கு இருந்தது ஒரே நல்ல போட்டோ, பள்ளிக்கூடத்தில் எடுத்தது. அசலை முதல் இன்ஸ்பெக்டரே தொலைத்துவிட்டார். பிறகு காப்பியிலிருந்து காப்பி, அதிலிருந்து இன்னொரு காப்பி. தொழில் தெரிந்தவள் ஆனதால் அக்காவுக்கு என்ன நடக்கும் என்று தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் மூக்கு கொஞ்சம் போகும், கண் கொஞ்சம் போகும். கடைசியில் இரண்டு பின்னலும் நடுவில் ஒரு கறுப்பு வட்டமும் மிஞ்சின.

"போட்டோ தெளிவா இல்லையேம்மா" என்றார் ஒருவர்.

"நீங்க தொலைச்சது தெளிவாத்தான் சார் இருந்துச்சு" என்றாள் அக்கா.

சரி, இந்த வாசலில்தான் இப்படி என்று வீட்டுக்குப் போனால், அங்கே அம்மா. அம்மா அந்த வாடகை வீட்டை விட்டு வரமாட்டாள். கூரை ஒழுகியது, சுவரில் ஈரம் ஏறியது, வீட்டுக்காரரே வெட்கப்பட்டு வாடகையைக் குறைத்தார். அம்மா நகரவில்லை. "சின்னவ தேடிட்டு வந்தா எங்க வருவா?" என்பாள். பழைய தொலைபேசியையும் எடுக்கவிடவில்லை. ஊரில் எல்லோரும் செல்போனுக்கு மாறிய பிறகும் அது கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தது. அதில் கூப்பிடுகிறவர்கள் இன்சூரன்ஸ் விற்கிறவர்கள் மட்டும்தான். மணி அடித்தால் போதும், முட்டிவலி எல்லாம் எங்கோ போய்விடும், அம்மா ஓடிப்போய் எடுப்பாள். "யாரு? யாரு பேசறது? சொல்லும்மா" என்பாள். மறுமுனையில் இருக்கிற பையன் பாவம், பாலிசியைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பான். அம்மா அதையும் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு அந்தப் போனைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும்போல் இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பழைய கேஸ்களைப் பார்க்க என்று தனியாக ஒரு பிரிவு போட்டார்கள். அதற்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மூக்கில் நிற்காத கண்ணாடியை விரலால் தள்ளிக்கொண்டே பேசுவார். கடையில் எல்லோரும் அவரைக் கண்ணாடி மேடம் என்றார்கள். அவர் அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பவில்லை. தானே தெருவைக் கடந்து கடைக்கு வந்தார். அதிலேயே அக்காவின் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"அடையாளம் தெரியாத எலும்புங்க எங்ககிட்ட நிறைய இருக்குக்கா" என்றார். "எல்லாத்துலயும் டி.என்.ஏ. எடுத்திருக்கோம். காணாமப் போனவங்களோட அப்பா அம்மாகிட்ட எச்சில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தா பொருந்துதா இல்லையான்னு தெரிஞ்சுடும்."

"என்னோடதை எடுத்துக்குங்க."

"கூடப் பொறந்தவங்களுதுல அவ்வளவு உறுதியா சொல்ல முடியாது. பெத்தவங்க இருந்தா நல்லது."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு போலீஸ்காரர் வேலை செய்கிறேன் என்று வந்து நிற்கிறார், இங்கே பூசாரி அம்மா.

"அதுல எங்க ஊர்ப் பக்கம் கிடைச்சது ஏதாவது இருக்கா மேடம்?"

மேடம் கண்ணாடியைத் தள்ளினார். "ஒண்ணு இருந்துச்சு. பழைய கல்குவாரியில தண்ணி இறைச்சப்போ கிடைச்சது. வயசு, உயரம் எல்லாம் சரியா வருது. ஆனா அந்தப் பொண்ணுக்குக் காலர் எலும்பு எப்பவோ உடைஞ்சு, கோணலாக் கூடியிருக்கு. உங்க தங்கச்சிக்கு அடிபட்டதே இல்லை, அடையாளம் எதுவும் இல்லைன்னு புகார்ல சொல்லியிருக்காங்க. அதனால அப்பவே அதைத் தள்ளி வெச்சுட்டாங்க."

"இல்லை மேடம், எலும்பெல்லாம் உடைஞ்சதில்லை" என்றாள் அக்கா. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதி எதற்கு என்று அவளுக்கே புரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் போர். அக்கா கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தாள். கல்லில் நார் உரித்துவிடலாம், அம்மாவிடம் எச்சில் வாங்க முடியாது. கடைசியில் கண்ணாடி மேடமே மஃப்டியில் வீட்டுக்கு வந்தார். கைப்பையில் ஒரு குழாயும் பஞ்சு சுற்றிய குச்சியும் இருந்தன. அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ கொடுத்தாள்.

"டீயைக் குடிம்மா. எச்சில் மட்டும் கேக்காதே."

"வலிக்காதும்மா. கன்னத்துக்குள்ள ஒரு தடவை தேய்ச்சு எடுத்துடுவேன், அவ்வளவுதான்."

"வலிக்கு யாரு பயந்தா? அது செத்தவங்களைத் தேடற வேலைதானே? என் பொண்ணு செத்துட்டான்னு யாரு உனக்குச் சொன்னது?"

"அம்மா!" என்றாள் அக்கா.

"நீ சும்மா இருடி. அவ எங்கேயோ கல்யாணம் காட்சின்னு குடும்பமா இருக்கா. என் மனசுக்குத் தெரியும்."

"இத்தனை வருஷத்துல ஒரு போன்கூடப் பண்ணாமலா இருக்கா?"

"உனக்குப் பயந்துதான் பண்ணலை. நீ எடுத்தா எப்படிக் கத்துவேன்னு அவளுக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். அக்காவுக்கு எங்கிருந்து வந்ததோ, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். இத்தனை வருஷம் போலீஸ் வாசலில் நாய் படாத பாடு பட்டவள் அவள். கடைசியில் தங்கை வராததற்கும் அவள் தொண்டைதான் காரணமாம்.

"அம்மா, அது அவ இல்லம்மா! நம்ம ஊர்ப் பக்கம் குவாரியில ஒரு பொண்ணு கிடைச்சிருக்கு. அதுவும் அவ இல்லைன்னு மேடமே சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணுக்குக் காலர் எலும்பு உடைஞ்சு கோணலாக் கூடியிருக்காம். நம்ம சின்னவளுக்கு எப்ப உடைஞ்சுது? அது எவ பெத்த பொண்ணோ! மத்த எதுலயும் உன் பொண்ணு இல்லைன்னு வந்துட்டா உனக்கு நல்லதுதானே? நீயே ஜெயிச்சதா இருக்கட்டும். வாயைத் திறந்து தொலை!"

அம்மா கையிலிருந்த டம்ளரை மெல்லத் தரையில் வைத்தாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"என்ன எந்தப் பக்கம்?"

அம்மா மகளைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்த்தாள். "அந்த எலும்பு. எந்தப் பக்கம் உடைஞ்சிருந்துச்சு?"

கண்ணாடி மேடம் அனுபவப்பட்ட போலீஸ்காரர். உடனே சொல்லிவிடவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மாவின் இடது கை எழுந்து அவளுடைய வலது கழுத்துக்குக் கீழே போய் நின்றது. மேடம் தலையைக் குனிந்துகொண்டார். மூலையில் தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து, தானாக நின்றது. அம்மா எழுந்திருக்கவில்லை.

"சைக்கிள் கத்துக்கறேன்னு விழுந்தா" என்றாள் அம்மா. "காணாமப் போறதுக்கு முந்தின வருஷம். நீ ஹாஸ்டல்ல இருந்தே. ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு பேருக்குத் தெரியும்னு உங்கப்பா வீட்டுக்கே கட்டுப் போடறவரைக் கூட்டிட்டு வந்தாரு. அது சரியாக் கூடலை. லேசாத் தூக்கிட்டு நின்னுச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். உன் வாயில எதுவும் நிக்காதே."

"போலீஸ்ல ஏம்மா சொல்லலை?"

"கேட்டாங்க. அங்க அடையாளம் ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. சொன்னா பேப்பர்ல போடுவாங்கன்னு உங்கப்பா என் கையை அழுத்தினாரு." அம்மா அக்காவின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கே வந்துடுவான்னு நினைச்சோம்டி. வந்தப்புறம் அவளை ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணுமே. எலும்பு உடைஞ்ச பொண்ணுன்னு ஊரெல்லாம் தெரிஞ்சா எவன் கட்டுவான்? அதான் ஒண்ணுமே இல்லைன்னு சொன்னோம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று அக்கா கேள்விப்பட்டிருக்கிறாள். இவர்கள் பெற்ற பெண்ணையே மறைத்துவிட்டார்கள், அதுவும் அவள் நல்லதுக்கு என்று. யாரைத் திட்டுவது? சுவரில் அப்பா போட்டோவுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே அம்மா கழுத்தெலும்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அந்த வெயிலிலும் சின்னவள் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு திரிந்தது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. "பெரிய கலெக்டர்னு நினைப்பு" என்று அவள் கேலி செய்திருக்கிறாள். சின்னவள் சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை.

"அந்த எலும்புங்க இப்ப எங்க மேடம் இருக்கு?"

மேடம் தயங்கினார். "எங்க வளாகத்துலதான்கா. பின் கட்டடத்து ஸ்டோர் ரூம்ல."

அக்கா தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் கண்ணில் படுகிற கட்டடம் அது. அவள் அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபோது அம்மா மேடத்தின் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை மருந்துக்குத் திறப்பதுபோல் வாயைத் திறந்தாள்.

பொருந்திவிட்டது என்று முடிவு வந்தது. குவாரி ஓரமாக டியூஷனுக்கு ஒரு குறுக்குப் பாதை இருந்தது. சின்னவள் தானே சறுக்கி விழுந்தாளா, வேறு எதுவுமா என்று எலும்பு சொல்லாது, இனி விசாரிக்கிறோம் என்றார் மேடம். அக்கா சரி என்று மட்டும் சொன்னாள்.

சின்னவளின் எலும்புகளை வாங்கிக்கொள்ளப் போன அன்று அம்மாவும் கூட வந்தாள். கவுன்டரில் கிளார்க் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இறந்தவங்க அடையாள அட்டை ரெண்டு ஜெராக்ஸ் வேணும்."

"பதினாறு வயசுல போனவளுக்கு ஏது சார் அட்டை? இது உங்க இன்ஸ்பெக்டரே குடுத்த கடுதாசி. படிச்சுத்தான் பாருங்களேன்!" அக்காவின் குரல் ஏறியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கோபப்படாதீங்கம்மா, எல்லாம் புதுசா எழுதணும், ரூல்ஸ் அப்படி" என்றார் கிளார்க். ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர், வயது, தகப்பன் பெயர். பிறகு பேனாவை அடுத்த கட்டத்தில் வைத்துக்கொண்டு, "அங்க அடையாளம் ஏதாவது?" என்றார்.

அதை வைத்துத்தானே ஐயா கண்டே பிடித்தீர்கள் என்று கேட்க அக்கா வாயைத் திறந்தாள். அம்மா அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். அவளை ஒதுக்கிவிட்டு, கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"இருக்கு தம்பி. வலது பக்கம் காலர் எலும்பு. சைக்கிள்ல விழுந்து உடைஞ்சு கோணலாக் கூடினது."

சத்தமாகத்தான் சொன்னாள். வரிசை பேச்சை நிறுத்தியது. கிளார்க் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். அம்மா கம்பிக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அது போதவில்லை.

"இன்னும் பெருசா எழுதுப்பா" என்றாள். "எல்லாருக்கும் தெரியட்டும்."