மாடியிலிருந்து கேட்ட விளையாட்டு

வீடியோவில் நான் சொல்ல வேண்டியது ஒன்பதே சொற்கள். மகள் அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். "நான் சின்ன வயசுல ஆடுன அதே கேம், அப்படியே திரும்பக் கிடைச்சிடுச்சு." சொல்லி முடித்ததும் சிரிக்க வேண்டும். சிரிக்க வேண்டிய இடத்தையும் குறித்து வைத்திருந்தாள்.

எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வராது. கள்ளக்குறிச்சியில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். அளவெடுக்கும்போதுகூட டேப்பைப் பார்த்துத்தான் பேசுவேன்.

மகள் சென்னையில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். போனில் ஆடும் விளையாட்டுகளைச் செய்கிற இடம். இந்தமுறை அவர்கள் செய்தது ஒரு ரீமேக். முப்பது வருடத்துக்கு முன் கேம் கடைகளில் ஆள் உயரப் பெட்டிக்குள் இருந்த சுடுகிற விளையாட்டை, பழைய சத்தங்களை அப்படியே வைத்து, புதுப் படம் போட்டு மறுபடி செய்திருந்தார்கள். விளம்பரத்துக்கு, அந்தக் காலத்தில் ஆடியவர்கள் பேச வேண்டும். ஆறு ஆண்கள் கிடைத்துவிட்டார்கள். ஒரு பெண்ணாவது வேண்டும் என்றார் மேலாளர். மகள் தோழிகளின் அம்மாக்களை எல்லாம் கேட்டு, யாரும் கிடைக்காமல் கடைசியில் என்னிடம் வந்தாள்.

"நீ டைப்பிங் போன எடத்துக்குக் கீழயே கேம் கடை இருந்துச்சாமே, அப்பா சொன்னாரு?"

"இருந்துச்சு."

"அப்ப ஆடியிருப்ப இல்ல?"

"இல்ல."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட."

கொஞ்சம் யோசித்தாள். "பரவால்லம்மா, ஆடுனதாவே வெச்சுக்கோ. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர், "நான் வேணா பொடவ கட்டிக்கினு பேசட்டா?" என்றார். அவர் அந்தக் கடையில் நிஜமாகவே ஆடியவர்.

மகளுக்கு அது சிரிப்பாக இல்லை. இந்த விளம்பரத்தை நல்லபடி முடித்துக் கொடுத்தால் அடுத்த விளையாட்டை அவள் பொறுப்பிலேயே விடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். நான்கு வருடமாக அவள் காத்திருந்தது அதற்குத்தான்.

அந்தக் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் ஒரு பச்சைத் திரை. பெண்கள் வரக்கூடாது என்று பலகை எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் எங்களில் யாரும் போனதில்லை. பன்னிரண்டாவது முடித்த வருடம், ஒருநாள் டைப்பிங் வகுப்புக்குச் சீக்கிரம் வந்துவிட்ட நான் அந்தத் திரையை விலக்கினேன். உள்ளே ஐந்தாறு முதுகுகள்தான் தெரிந்தன. கடைக்காரர் மட்டும் திரும்பினார்.

"யாரும்மா வேணும்? தம்பியத் தேடினு வந்தியா?"

"ஆமாண்ணே."

"இங்க இல்ல, போ."

எனக்குத் தம்பியே கிடையாது. படியேறி மேலே போய்விட்டேன்.

ஆனால் சத்தம் மேலே வந்துகொண்டுதான் இருந்தது. மாஸ்டர் தாள் மாற்றச் சொன்னதும் மெஷின்கள் எல்லாம் நிற்கும். அப்போது கீழேயிருந்து கேட்கும். முதலில் ஒரு சின்ன மெட்டு, பிறகு டொக் டொக் டொக் என்று விடாமல் ஒன்று. அப்புறம் ஒரு உறுமல் மேலே மேலே ஏறும். ஒரு வெடி. கடைசியில் அழுகிற மாதிரி இறங்கும் இசை. இந்த வரிசை எனக்கு மனப்பாடம். என்ன நடக்கிறது என்றுதான் தெரியாது. அதனால் நானே ஒன்றை நினைத்துக்கொண்டேன்.

என் அப்பா கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் லாரியில் சுமை தூக்கினார். ஒருமுறை என்னையும் வெள்ளிமலைக்குக் கூட்டிப் போனார். போகும்போது ஜீப்பில் போனோம், திரும்பும்போது கிழங்கு லாரி. அதனால் எனக்கு அந்த உறுமல், மலை ஏறுகிற ஜீப். டொக் டொக் என்பது வண்டியின் அடியில் தெறிக்கும் கல். வெடித்தது டயர். என் விளையாட்டில் ஒவ்வொரு வளைவிலும் ஆட்கள் கை காட்டுவார்கள். ஒருத்தி புளி மூட்டையோடு, இன்னொருத்தி கோழியோடு. யாரை ஏற்றுவது என்று நாம் முடிவு செய்ய வேண்டும். ஆள் கூடினால் வண்டி திணறும். ஆனால் செங்குத்தான வளைவில் இறங்கித் தள்ளப் போவதும் அவர்கள்தான். யாரையும் ஏற்றாமல் வேகமாகப் போனவன் அங்கே மாட்டிக்கொள்வான். டைப் அடித்துக்கொண்டே இதை ஒரு வருடம் மனதுக்குள் ஆடினேன். "இன்னாம்மா, டைப் அடிக்கிறியா, மேளம் அடிக்கிறியா?" என்று மாஸ்டர் திட்டியதுண்டு.

மகள் அந்த ரீமேக்கை என் போனில் போட்டுக் கொடுத்ததும் திகைத்துப் போனேன். அதில் ஜீப்பும் இல்லை, மலையும் இல்லை. கறுப்பு வானத்தில் ஒரு கப்பல் சுட்டுக்கொண்டே போகிறது. டொக் டொக் என்றது குண்டு. அந்த உறுமல், எதிரிகள் கூட்டமாகப் பாய்கிற சத்தம். மூன்று சாயங்காலம் ஆடினேன். பிடித்துத்தான் இருந்தது. நான்காவது கட்டம் வரை போனேன். ஆனால் என்னிடம் இல்லாதது எனக்கு எப்படித் திரும்பக் கிடைக்கும்?

அளவு ஜாக்கெட் கொண்டுவந்து இதே மாதிரி தையுங்கள் என்று கேட்கிறவர்கள்தான் என்னிடம் வருவதில் பாதிப்பேர். அப்படியே தைத்துத் தருவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவருடைய அளவு ஜாக்கெட்டைக் காட்டி, இது உன்னுடையதுதான் என்று ஒத்துக்கொள் என்றால்தான் கோபம் வருகிறது. அன்று அந்தப் பச்சைத் திரை முன்னால் நின்று ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதே கடைக்காக இரண்டாவது பொய் சொல்வதாக இல்லை.

மகள் போனை எனக்கு எதிரே நட்டு வைத்து, பேசு என்று தலையாட்டினாள். நான் சுவரில் இருந்த தாளைப் பார்க்கவில்லை.

"கேம் நல்லா இருக்கு. ஆனா நான் இத ஆடுனதே இல்ல. எங்கள மாதிரிப் பொண்ணுங்க யாரும் உள்ள போவல. மாடியில உக்காந்துகினு சத்தம் மட்டும் கேட்டேன். நான் நெனச்சது வேற கேம், புளி மூட்டையோட, கோழியோட நிக்கிறவங்கள ஏத்திக்கினு மலையேறுற ஜீப்பு. அதுல யாரும் யாரையும் சுட மாட்டாங்க."

"போச்சு," என்றாள் மகள். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று கெஞ்சினாள். நான் மாட்டேன் என்றேன். அன்றே கொடுக்க வேண்டும் என்பதால் வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினாள்.

மாலையில் மேலாளர் கூப்பிட்டார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆன்ட்டி, சூப்பரா பேசியிருக்கீங்க. 'கேம் நல்லா இருக்கு'ன்ற வரைக்கும் எடுத்துக்கறோம். மீதிய கட் பண்ணிடறோம்."

"அந்த மீதியத்தான் தம்பி நான் சொல்ல வந்தது."

"இது சும்மா ஒரு விளம்பரம் ஆன்ட்டி."

"புதுசா ஒண்ணு செய்யக் கூடாதா நீங்க?"

"புதுசுக்கு யாரு வருவாங்கன்னே தெரியாது ஆன்ட்டி. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கேம்."

"எல்லாருக்கும்னா யாருக்கு? ஆறு ஆம்பளைங்க கெடச்சாங்க. ஒரு பொம்பள ஏன் கெடைக்கலன்னு யோசிச்சீங்களா?"

மகளின் முகத்தைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. ஆனாலும் சொன்னேன், "போட்டா முழுசா போடுங்க. இல்லன்னா வாணாம்."

மகள் போனைப் பிடுங்கினாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "சார், அம்மா ஒத்துக்கல. அந்த வீடியோவ விளம்பரத்துல இருந்தே தூக்கிடறேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விளம்பரம் ஆறு ஆண்களோடு வந்தது. அடுத்த விளையாட்டின் பொறுப்பு வேறு ஒருவருக்குப் போனது. "சொந்த அம்மாவையே பேச வெக்க முடியல, நீ எப்படி டீம நடத்துவ?" என்று மேலாளர் கேட்டாராம். இரண்டு நாள் மகள் என்னோடு பேசவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஜீப்ல எத்தினி பேரு ஏறலாம்?"

"பத்துப் பேரு. மலையில இருவது பேரு ஏறுவாங்க."

"எல்லாரையும் ஏத்திக்கினா ஈஸியா ஜெயிச்சிடலாமே."

"ஏத்திப் பாரு. மூணாவது வளைவுல பின்னால உருண்டு வரும்."

"கோழி எதுக்கு?"

"வண்டி குலுங்கினா அது பறந்துடும். புடிக்க எல்லாரும் எறங்கிடுவாங்க. நீ நிக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "இத யாரும் ஆட மாட்டாங்கம்மா. சுடறதுக்கு ஒண்ணாவது வேணும்."

"கூடாது."

"ஒரு கொரங்க?"

"கொரங்கயும் சுடக் கூடாது."

இப்போது வேலை நேரம் முடிந்தபின் அவள் கணினியில் ஒரு ஜீப் ஓடுகிறது. இரண்டாவது வளைவுக்கு மேல் இன்னும் ஏறவில்லை. இறங்குகிற ஆட்கள் வண்டிக்கு முன்னால் போய் நின்று தள்ளுகிறார்கள். பின்னால் நிற்க வை என்று சொல்லியிருக்கிறேன்.