கையெழுத்துப் போட ஆளில்லாத கேட்

காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உங்களை யாராவது ஒரு கேட் முன்னால் நிற்க வைத்திருக்கிறார்களா? கையில் இருப்பதை வாங்கிக் கையெழுத்துப் போடவும் மாட்டேன், நீ யாரென்று கேட்கவும் மாட்டேன் என்று? எனக்கு நடக்கவில்லை. எனக்காகப் போன ஒருவருக்கு நடந்தது. அதனால்தான் இன்னும் எரிகிறது.

போன வருஷம், எண்பத்தேழு, சித்திரை வெயில். சங்ககிரி பக்கம் எங்கள் ஊர். சேலத்தில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். காலேஜ் கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், மூன்று மெஷின்களை ஒயர் போட்டு இணைத்து, ஒன்று அனுப்பின செய்தி வழியில் தொலைந்தால் மற்றதெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். யோசனை எங்கள் ஊரிலேயே கிடந்தது. லாரியில் சரக்கை இறக்கினால் மட்டும் போதாது. வாங்கினவர் கையெழுத்துப் போட்ட சீட்டு திரும்பி வந்தால்தான் லோடு சேர்ந்ததாக அர்த்தம். வரவில்லையா, சரக்கு இன்னும் நம் பொறுப்பு. அதையே மெஷின்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கேட்க சுலபமாக இருக்கும். நடுவில் கரண்ட் போய் ஒரு மெஷின் செத்தாலும் மற்ற இரண்டும் குழம்பாமல் ஓட வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

இதைக் கட்டுரையாக எழுதி பெங்களூரில் ஒரு மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் மேல்படிப்புக்கு இடம் கேட்பதாக இருந்தேன். டைப் அடித்து, டைப்ரைட்டரில் இல்லாத குறிகளையெல்லாம் பேனாவால் போட்டு, படங்களை இந்தியன் இங்க் மையால் வரைந்து முடித்தபோது மறுநாளே கடைசி நாள். தபால் போய்ச் சேராது. மாநாடு நடத்துகிற காலேஜில் ஐந்து மணிக்குள் நேரில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று போட்டிருந்தார்கள். எனக்கோ அன்றைக்கு செய்முறைத் தேர்வு. பக்கத்து வீட்டு அண்ணன் லாரி டிரைவர். ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பெங்களூர் கிளம்பிக்கொண்டிருந்தார். கவரை அவர் கையில் கொடுத்தேன்.

"கையெழுத்து வாங்காம வந்துராதீங்ணா."

"நேத்தா லாரி ஓட்ட வந்தேன்? போய்ப் பரீச்சையப் பாரு சாமி."

தேர்வு முடிந்த மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டுக்கு ஓடினேன். லாரியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து அதே கவரை எடுத்து நீட்டினார். ஒரு மடிப்புக்கூட விழவில்லை.

"வாட்ச்மேன் வெச்சுட்டுப் போங்கறான். கையெழுத்துப் போடுன்னா, அது என்ற வேலயில்லங்கறான். உள்ள உடுன்னா, லுங்கியோட உடமாட்டானாமா. யாரையாச்சும் வெளிய கூப்புடுன்னேன். போன் போட்டுச் சொன்னான். எவனும் வரல."

"எவ்வளவு நேரம்ணா நின்னீங்க?"

"சரக்க எறக்கிப்போட்டு ஒம்பது மணிக்குப் போனேன். சாயங்காலம் கேட்டைச் சாத்துற வரைக்கும்."

"சோறு?"

"சோத்துக்குப் போன நேரத்துல எவனாச்சும் வந்துட்டா?"

வைத்துவிட்டாவது வந்திருக்கலாமே என்று வாய் வரைக்கும் வந்தது. அவரே முந்திக்கொண்டார். "வெச்சுட்டு வந்து, நாளைக்கு அவன் வரவேயில்லைன்னு சொன்னா, நீ என்னையத்தான கேப்ப?"

என் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்கிறது.

மத்தியானம் அவருக்கு மறுபடியும் பெங்களூர் லோடு. ஏறிக்கொண்டேன். மறுநாள் காலை அதே கேட். அதே லாரியில், அதே புழுதியில் வந்தவன்தான் நானும். ஆனால் பேண்ட் போட்டிருந்தேன். வாட்ச்மேன் எழுந்து நின்று சின்னக் கதவைத் திறந்துவிட்டான். அவனும் தமிழ்க்காரன்தான், தர்மபுரி பக்கம்.

"நான் யாருன்னு கேக்கவே இல்லியே?" என்றேன்.

"படிக்கிற பையன்னு பாத்தாலே தெரியுதுங்களே."

பின்னாலிருந்து அண்ணன் சொன்னார்: "என்னையும் பாத்தாலே தெரிஞ்சுபோச்சு சாமி. அதான் உடல."

உள்ளே மாநாட்டுச் செயலாளர் ஒரு பேராசிரியர். உட்காரச் சொன்னார், மெதுவாக, மரியாதையாகப் பேசினார். நாள் முடிந்துவிட்டதே என்றார். முந்தாநாள் காலை ஒன்பது மணிக்கே உங்கள் கேட்டுக்கு வந்துவிட்டது, கொண்டுவந்தவர் வெளியேதான் நிற்கிறார், கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். யாரோ லாரிக்காரன் கையெழுத்து கேட்கிறான் என்று போன் வந்ததாம், ஏதோ தொந்தரவு என்று விட்டுவிட்டாராம். அந்த ஆளையெல்லாம் எதற்கு இங்கே கூப்பிட வேண்டும் என்றார். பிறகு பெரிய உதவி செய்கிற முகத்தோடு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். 'டிரைவர் தாமதமாகக் கொண்டுவந்ததால் நேர்ந்த பிழை' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் கட்டுரையைச் சேர்த்துக்கொள்வாராம்.

சோறு தின்னப் போகாமல் நின்ற மனுஷன் தாமதமாம். அவர்களால் வாசல் வரைக்கும் வந்து ஒரு கையெழுத்துப் போட முடியவில்லை. என் கையெழுத்து மட்டும் உடனே வேண்டும். பேனாவைக்கூட மூடி கழற்றிக் கொடுத்தார். வாங்கி, மூடியைப் போட்டு மேசையில் வைத்தேன். கவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அண்ணன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் திட்டித் தீர்த்துவிட்டார்.

"கிறுக்காடா உனக்கு? எழுதிக் குடுத்துட்டு வரவேண்டியதுதான? என்ற பேரு கெட்டுப்போகுமாக்கும். அங்க எவனுக்குடா என்ற பேரு தெரியும்?"

ஓசூர் தாண்டும் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவர் கடைசியாகக் கேட்ட அந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல். மூன்று மெஷின்கள் ஒன்றையொன்று மதித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று மாநாடு போடுகிறவர்களுக்கு, வாசலில் நிற்கிற ஆளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மேல்படிப்பு இடம் அந்த வருஷம் கிடைக்கவில்லை. போகட்டும். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இன்று பக்கத்து வீட்டைத் தாண்டி நடக்க எனக்குக் கால் வராது.

இந்த வருஷமும் அதே மாநாடு. திருத்தி எழுதின கட்டுரை நேற்று அதே லாரியில் அதே கேட்டுக்குப் போயிருக்கிறது, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே. அண்ணன் லுங்கிதான் கட்டிக்கொண்டு போனார். கையெழுத்துச் சீட்டு இன்னும் வரவில்லை.