கையலம்பாமல் நின்றவர்கள்

அப்பா இந்தியில்தான் நன்றாகச் சிரிப்பார். தமிழில் அவர் சிரிக்கும்போது பல் தெரிந்து நான் பார்த்ததில்லை. இந்தச் சங்கதி எனக்குத் தெரியவந்தது பத்து வயதில், சைதாப்பேட்டையில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு அவருடைய பழைய சகாக்கள் இரண்டு பேர் சாப்பிட வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அப்பா விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். வடக்கே ஒரு பயிற்சித் தளத்தில், பையன்கள் பறக்கக் கற்றுக்கொள்ளும் சின்ன விமானங்களைக் கழற்றி மாட்டுவது அவர் வேலை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். பட்டறையைப் பற்றி வீட்டில் மூச்சு விடமாட்டார். தளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தட்டில் சோறு காய்ந்து போகும். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே போனால் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

"ஆளு இங்க கீறாரு, மனசு அங்கியே கீது" என்பாள் அம்மா.

அவர் சொன்ன கதைகளில் ஒன்று எனக்கு மனப்பாடம். பயிற்சிக்கு வந்த பையன் முதல்முறை வாத்தியார் இல்லாமல் தனியாகப் பறப்பதற்குச் சோலோ என்று பெயர். அந்த விமானத்தைத் தயார் செய்து கொடுத்த மெக்கானிக், பையன் தரையிறங்கும்வரை உட்கார மாட்டாராம். டீ குடிக்க மாட்டார், வாய் திறந்து பேசவும் மாட்டார். அவர் நின்றால் விமானக் கொட்டகையில் இருக்கிற எல்லோரும் கூட நிற்பார்களாம். இது யாரும் போட்ட சட்டமில்லை. மேலே போனவனுக்காகக் கீழே இருக்கிறவன் வேறு என்ன செய்ய முடியும் என்பார் அப்பா. வேலை நேரத்தில் சும்மா நிற்க நல்ல சாக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வந்தவர்களில் ஒருவர் பாலக்காட்டுக்காரர், எனக்குக் கேரளா மாமா. இன்னொருவர் பஞ்சாபி, அவர் சர்தார் மாமா. மகனைச் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்க்க சர்தார் மாமா வருகிறார் என்று தெரிந்ததும் கேரளா மாமாவும் ரயிலேறிவிட்டார். சாயங்காலமே இருவரும் சென்ட்ரலில் அவரவர் ரயிலைப் பிடிக்க வேண்டும். ஆக அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு மத்தியானம். பத்து வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரே ஒரு மத்தியானம். கறிக்கடைக்கு அவரே போனார், கூடத்தை அவரே பெருக்கினார்.

"எங்க அண்ணன் வந்தா ஒருநாளாவது தொடப்பத்தத் தொட்டிருப்பீங்களா?" என்றாள் அம்மா. அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று பேரும் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். இந்தியும் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து கூரை அதிரும்படி சிரிப்பு. சர்தார் மாமாவுக்குத் தயிர் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த அப்பா, தயிர் வாங்க மறந்திருந்தார். வாசலில் நான் வாடகைக்கு எடுத்த சைக்கிள் நின்றது. அதுவரை கேரியரைப் பிடித்தபடி அப்பா பின்னால் ஓடி வராமல் நான் ஒரு தெருகூட ஓட்டியதில்லை.

"நான் போயி வாங்கியாரேம்பா" என்றேன். சிரிப்பின் நடுவில் அப்பா தலையாட்டிவிட்டார். தூக்குப் பாத்திரத்தை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நான் தெருமுனை திரும்பியபிறகுதான் அப்பாவுக்கு உறைத்ததாம். "அவ தனியா ஓட்டினதேயில்லையே" என்று எழுந்தாராம். சர்தார் மாமா கேட்டது ஒரே வார்த்தை: "சோலோ?" அப்பா தலையை ஆட்டியதும் மற்ற இருவரும் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். இது அம்மா பிற்பாடு சொல்லிச் சொல்லி அலுத்துக்கொண்டது.

எனக்கு இதொன்றும் தெரியாது. கடைத்தெருவில் செயின் கழன்றது. மாட்டத் தெரியாமல் முழித்து, கையெல்லாம் கறுப்பாகி, கடைசியில் பால்கடைக்காரர் மாட்டிக் கொடுத்தார். திரும்பி வரும்போது எங்கள் தெருமுனைப் பூக்காரம்மா என்னை நிறுத்தப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, உங்க வூட்டாண்ட இன்னாச்சி? மூணு ஆம்பளைங்க எச்சக் கையோட வெயில்ல நின்னுகினு கீறாங்க. கேட்டா பதிலே இல்ல!"

நிற்காமல் அழுத்தி மிதித்தேன். தூரத்தில் மூவரும் வரிசையாக நின்றார்கள். என்னைக் கண்டதும் சர்தார் மாமா நடுத்தெருவுக்கு வந்து இரண்டு கைகளையும் தூக்கி, வா வா என்று மடக்கினார். நான் நெருங்கியதும் கண்ணை உருட்டி, கையால் தன் கழுத்தைக் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினார்.

தலையைச் சீவிவிடுவார் என்றுதான் எனக்குப் புரிந்தது. பிரேக்கைத் தொடாமல் அவரைச் சுற்றிக்கொண்டு, அப்பாவையும் தாண்டி, ஒரே மிதியாகப் பின் தெருவுக்குப் பறந்துவிட்டேன். ஒருவர்கூட வாயைத் திறந்து கூப்பிடவில்லை. நான்தான் இன்னும் இறங்கவில்லையே!

போக்கிடம் ஏது? இரண்டு தெரு சுற்றி, கோயில் வாசலில் வெகுநேரம் ஒளிந்து, தயிர் வழிய வழியத் திரும்பி வந்தேன். மூவரும் அதே இடத்தில் நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு நேரே போய்க் கேரளா மாமாவின் தொந்தியில் மோதி நின்றேன். அப்புறம்தான் மூன்று வாயும் திறந்தன. "ஷாபாஷ் பேட்டி!" என்று இந்தியில் மகளே என மெச்சி, சர்தார் மாமா என்னைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"கழுத்த அறுக்கறதில்ல மோளே" என்றார் கேரளா மாமா, வயிற்றைத் தடவியபடி. "விமானம் வந்து நின்னதும் இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்ற சைகையாக்கும் அது."

அதற்குள் நேரம் போய்விட்டது. இலைகள் சுருண்டிருந்தன. தூக்கில் மிஞ்சிய தயிரை சர்தார் மாமா அப்படியே குடித்தார். செய்த பாயசம் செய்தபடி இருந்தது.

"நாலு வார்த்த குந்திப் பேசினீங்களா? மத்தியானம் பூரா நின்னே தீத்துட்டீங்களே" என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அப்பா முகத்தில் வருத்தமே இல்லை. அப்படி ஒரு நிறைவை அந்த முகத்தில் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

சைதாப்பேட்டை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். பார்க் ஸ்டேஷனில் இறங்கிச் சாலையைத் தாண்டினால் சென்ட்ரல். மின்சார ரயில் வந்தது. மூவரும் கட்டிக்கொண்டார்கள். இருவரும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையாட்டினார்கள். ரயில் வளைவில் மறைந்தது. அதன் பிறகு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. அப்பாவும் அங்கெல்லாம் போகவில்லை.

எனக்குக் கால் வலித்தது. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா நின்றுகொண்டே இருந்தார். டீக்காரர் வந்து கேட்டார். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். அடுத்த ரயில் வந்து போனது, அதற்கடுத்ததும் போனது. சைக்கிள் விஷயமாக என்மேல் கோபம் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருப்பா."

அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணை எடுக்காமலே மெல்லச் சொன்னார்: "நீ உக்காரும்மா. அவங்க இன்னும் எறங்கலியே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார்க் ஸ்டேஷன் என்ன அவ்வளவு தூரமா?