கடைசி ஸீட்டில் ஒரு படை

வண்டியை நிறுத்தி, சாவியை உருவி, கதவைச் சாத்திவிட்டு டிரைவர் நேராகக் கடைசி ஸீட்டுக்குப் போகிறார். ஜன்னலுக்குக் கீழே தலையைத் தாழ்த்திக்கொண்டு, சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய வீடியோ கேமை எடுக்கிறார். அடுத்த நடை கிளம்பும்வரை அவர் பஸ் டிரைவர் இல்லை. பூதங்கள் உலாவும் காட்டில் நான்கு பேரைக் கட்டி மேய்க்கிறவர். யாராவது கண்ணாடியைத் தட்டினால் பெட்டியைத் துண்டுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கொட்டாவி விடுவார். காதோரம் நரைத்த மனிதர், பரீட்சையில் காப்பி அடித்துப் பிடிபட்ட பையன்போல விழிப்பதைப் பார்க்க நமக்கே சங்கடமாக இருக்கும்.

இந்த விளையாட்டில் அடிதடிகூட ஒழுங்கு முறையோடுதான் நடக்கும். ஒரு தடவை நாம் அடிக்க வேண்டும், அடுத்த தடவை எதிராளி அடிப்பான். நாம் யோசித்து முடிக்கும்வரை பூதம் தேமே என்று நிற்கும். "நம்ம ரோட்டுல எவன் இப்படிப் பொறுமையா நிப்பான், சொல்லுங்க" என்று, தன் குட்டைக் கண்டுபிடித்துவிட்ட பக்கத்து வண்டி டிரைவரிடம் ஒருமுறை சமாளித்தார்.

ஒரே தொல்லை, ஆடியது பதிவாக வேண்டுமானால் நான்கு பேரும் ஒரு சத்திரத்தில் போய்ப் படுக்க வேண்டும். ஒருநாள் சத்திரம் அகப்படாமல் காட்டில் அலைந்ததில் வண்டி தாமதமாகிவிட்டது. வெளியே வெயிலில் ஒரு கர்ப்பிணிப் பெண் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். இஞ்சின் சூடாகிவிட்டது என்று அவளிடம் வாய் கூசாமல் சொன்னார். அப்புறம்தான் கூசியது. அந்த நடை முழுக்க, பயணிகள் முகம் தெரியும் உள்கண்ணாடியை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கெட்டிக்கார ஆட்டக்காரரும் இல்லை. வைத்தியம் பார்க்கிறவரைத்தான் படைக்கு முன்னால் நிறுத்துவார். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தால் நல்லதுதானே என்பது அவர் கணக்கு. முதல் அடியில் வைத்தியர் சுருண்டு விழுவார். மற்ற மூவரும் மருந்துக்கு நாதியில்லாமல் தள்ளாடுவார்கள். இருந்தும் விடாமல் ஆடுகிறார்.

ஆசைக்கு ஆடுகிறார் என்று நினைத்தால் தப்பு. பெட்டி மகளுடையது. பள்ளியில் படித்தபோது அவள் டிராகன் கோட்டையின் வாசல்வரை படையைக் கொண்டுபோய்விட்டாள். பரீட்சை வந்தது. "இன்னும் ஒரே ஒரு சண்டைதாம்பா" என்று கெஞ்சியவள் கையிலிருந்து பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியவர் இவர்தான். அவள் பிறகு கேட்கவேயில்லை. இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள்.

அவள் போனபின் வீடு வெறிச்சென்று கிடந்த ஒரு விடுமுறை நாளில், அப்படி என்னதான் இருக்கிறது என்று பெட்டியை எடுத்துப் புது பாட்டரி போட்டார். பழசை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று திரை கேட்டது. நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. கண்டக்டர் இல்லாத அவர் வண்டியின் டிக்கெட் மெஷினும் தினம் காலையில் முந்தின நாள் கணக்கை அழிக்கவா என்று இதே மாதிரி இரண்டு தடவை கேட்கும். பச்சைப் பித்தானை இரண்டு தட்டுத் தட்டினால்தான் முதல் டிக்கெட் வரும். பழகிய விரல் இங்கேயும் இரண்டு தட்டுத் தட்டியது. அவ்வளவுதான், மகளின் படை மாயமாகிவிட்டது.

போன மாதம் மகள் போனில் லீவுக்கு வருவதாகச் சொன்னாள். "அந்த கேம் பத்திரமா இருக்காப்பா? டிராகனை முடிக்காம விட்டது இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு."

"அப்படியே இருக்கும்மா."

சொன்ன நிமிஷத்திலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் வருவதற்குள் அதே நான்கு பேரை அதே வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் தெரியவா போகிறது? பள்ளி நாட்களில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் அந்த நான்கு பேரைப் பற்றித்தான் பேசுவாள். முரடன், சிடுமூஞ்சி, பூனை என்று அவள் வைத்திருந்த மூன்று பெயர்கள் நினைவுக்கு வந்தன. வைத்தியரின் பெயர் மட்டும் எவ்வளவு மண்டையைக் குடைந்தும் வரவில்லை. "சாப்பிடும்போது என்ன பேச்சு" என்று தான் அதட்டியதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. வேறு வழியில்லாமல் டாக்டர் என்று பெயர் வைத்தார்.

மகள் வருவதற்கு முந்தின நாள், கடைசி நடைக்கு முன்னால் படை எப்படியோ கோட்டை வாசலை எட்டிவிட்டது.

இப்போது அவள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து ஆட்டத்தைத் திறக்கிறாள். டிரைவர் எதிரே பேப்பரை விரித்துப் பிடித்திருக்கிறார், பக்கம் புரளவில்லை. பித்தான் சத்தம் சட்டென்று நிற்கிறது.

"அப்பா, டாக்டர்னு ஒருத்தர் முன்னால நிக்கறாரே. யாரு இவரு?"

"நீ வச்ச பேருதானேம்மா" என்கிறார், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

மகள் அவரையே பார்க்கிறாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நான் இவருக்கு அப்பான்னு பேர் வச்சிருந்தேன். அடிபடக் கூடாதுன்னு எப்பவும் கடைசியிலதான் நிறுத்துவேன்."

பேப்பர் மடியில் சரிகிறது. அவள் எழுந்து பக்கத்தில் வந்து பெட்டியை நீட்டுகிறாள். "இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கீங்க. டிராகனை நீங்களே அடிங்க."

டிரைவர் எழுந்து நிற்கிறார். அன்று அவளிடமிருந்து பெட்டியைப் பிடுங்கிய கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.