மரியநாயகியக்கா சுற்றிய சைரன்

பருத்தித்துறைக்குக் கிழக்கே, எங்கள் கரையில் முதல் வீடு மரியநாயகியக்காவுடையது. அதனால்தான் சுனாமி வந்தால் ஊரை எழுப்புகிற கைச் சைரனை அவவிடம் கொடுத்திருந்தார்கள். கைபிடியைச் சுற்றினால் முதலில் முனகும், வேகம் ஏற ஏற அலறும், கிட்ட நின்றால் நெஞ்சுக்கூடு அதிரும். தெருநாயையும் "நீங்கள்" போட்டுக் கதைக்கிற மனுசியிடம் அப்படியொரு சாமான்.

"மேலிடத்திலயிருந்து சொன்னால் மட்டும்தான் அடிக்கவேணும், அக்கா" என்று அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தர் கிருஷாந் சொல்லியிருந்தார். "ஓம் தம்பி" என்று வாங்கி, பழஞ்சேலையில் உறை தைத்துப் போட்டு வைத்தா.

போன தை மாதம் ஒரு விடியற்காலை பனி மூடிவிட்டது. வாசலில் நின்றால் வேலி தெரியவில்லை. அக்காவின் கணவர் செபமாலையண்ணையும் இன்னும் ஆறேழு படகுகளும் கடலில். எங்கள் கரையில் நினைத்த இடத்தால் ஏறமுடியாது. பவளப்பாறையான முருகைக்கல்லுக்கு நடுவே வெட்டிய ஒடுக்கமான வழி ஒன்றுதான் உண்டு. தவறிக் கல்லில் ஏறினால் படகு பிளந்துவிடும்.

அக்காவுக்கு எஞ்சின் சத்தம் கேட்டது, ஒருக்கால் இந்தப் பக்கம், ஒருக்கால் அந்தப் பக்கம். போன் அடித்தா, டோர்ச் அடித்தா, தொண்டை கிழியக் கூப்பிட்டா. ஒன்றும் சரிவரவில்லை. சைரனைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த வழிக்கு நேரே மணலில் வைத்துச் சுற்றத் தொடங்கினா.

ஊரே எழும்பி ஓடியது. நானும் ஓடினேன், ஒரு கையில் மகள், மற்றக் கையில் ஏனோ தேங்காய்ப்பூக் கிண்ணம். பள்ளிக்கூட மேல்மாடியில் நின்று எல்லாரும் கடலைப் பார்த்தோம். கடலையே காணவில்லை. சைரன் மட்டும் ஓயாமல் கேட்டது.

கடலில் நின்றவர்கள் எஞ்சினை நிறுத்திக் காது கொடுத்தார்கள். பிறகு அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படகாக ஊர்ந்து வந்தார்கள். கரையில் படகு இழுக்க ஒரு சனம் இல்லை.

"நிப்பாட்டு நாயகி, நாங்கள் வந்திட்டம்!" என்றார் செபமாலையண்ணை.

"எல்லாரும் வந்திட்டினமோ?" என்று கேட்டபடியே அவ சுற்றினா. குகதாசனின் படகு கடைசியாக மணலில் ஏறிய பிறகுதான் கையை எடுத்தா.

பள்ளிக்கூட மாடியால் இறங்கி வந்த சனம் ஏசின ஏச்சு கொஞ்சமல்ல. சைரனைத் திருப்பிக் கொண்டுபோகக் கிருஷாந்தும் வந்துவிட்டார்.

"ஆரைக் கேட்டு அடிச்சனீங்கள், அக்கா?"

"கேட்டுக்கொண்டு நிண்டிருந்தால் இவையள் கல்லிலை ஏறியிருப்பினம், தம்பி."

எல்லாரையும்விடக் கூட ஏசினது குகதாசனின் மனைவி ஜெனிற்றாதான். அவளே இப்போது சைரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இதைக் கொண்டுபோறதெண்டால் என்னையும் சேர்த்து ஏத்துங்கோ." கிருஷாந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனிக்கு விட்டுவிட்டுச் சின்னச் சத்தம், சுனாமிக்கு ஓயாத நீளச் சத்தம் என்று பேசி முடித்தார்கள். சைரன் அக்காவிடமே நின்றது.

அன்று பகல் முழுக்க அவவுக்குத் தோள் வீங்கி, காதும் அடைத்துக் கிடந்தது. செபமாலையண்ணை முற்றத்தில் இருத்தித் தைலம் பூசி உருவிவிட்டார். அவர் ஏதோ சொல்ல, "என்ன?" என்றா. திரும்பச் சொன்னார். "என்னப்பா, கேக்கேல்லை" என்றா. மூன்றாம்தரம் அவர் கத்தித்தான் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் மனைவியிடம் அவர் முதன்முதல் சொன்ன அன்பான வார்த்தையை எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கக் கேட்டது. அக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை.